உள்ளே இறுக்கியவர்

முருங்கை இலையொன்றின் செல்லுக்குள், வெயிலைச் சோறாக்கும் பசுங்கணிகம் ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு இரண்டு புரத வளையங்கள். தோலுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

உள்வளையம் விடிந்ததுமே நடு இடுப்பைப் பார்த்துப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு இறுக்க ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் இடுப்பு பாதியாகிவிட்டது. வெளிவளையம் இன்னும் வந்து சேரவில்லை.

வெளியே பக்கத்துப் பசுங்கணிகங்கள் பேசிக்கொண்டன. "வெளிவளையம் அண்ணன் வர்றார்னு தெரிஞ்சதுமே இடுப்பு இளைச்சிருச்சு பாரு."

உள்வளையத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'அறுந்த மறுநொடி, இறுக்கினது நான்தான்னு ஊருக்கே கேக்கிற மாதிரி கத்துறேன்' என்று முடிவு கட்டியது. அந்தக் கோபத்தில் இன்னும் இறுக்கியது. இடுப்பு நூலானது.

அப்போதுதான் வெளிவளையம் சாவகாசமாக வந்து, வெளிப்பக்கம் சுற்றிக்கொண்டு, ஒரே ஒரு இழுப்பு இழுத்தது. பசுங்கணிகம் இரண்டானது. உள்ளேயிருந்த வளையமும் அறுந்து, பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகப் போய்விட்டது.

"இறுக்கினது நான்தான்," என்று இடப்பக்கத்துப் பாதி கத்தியது.

"பொய் சொல்லாத. நான்தான் இறுக்கினேன். நீ சும்மா தொங்கிட்டிருந்த," என்று வலப்பக்கத்துப் பாதி அதைவிடச் சத்தமாகக் கத்தியது.

பக்கத்துப் பசுங்கணிகங்கள் காதைத் தீட்டிக்கொண்டன. "உள்ள யாரோ இருக்காங்க போலிருக்கே, அண்ணே?"

வெளிவளையம் வியர்வையைத் துடைத்துக்கொண்டது.

"வேலை நடக்கிற இடம்னா வேடிக்கை பாக்க ரெண்டு பேர் இருக்கத்தான் செய்வாங்க," என்றது.