படத்துக்குக் கீழே

கண்ணாடிக்கு முன்னால் இருந்த அமெரிக்க மூதாட்டி, றொமேஷ் கழுத்தில் துணி கட்டி முடிக்கும் முன்பே, தன் தகப்பனார் இருந்த கதிரை இதுதானா என்று கேட்டார்.

கதிரை போன வருடம் ஒரு துருக்கிக்காரரிடம் வாங்கியது.

"யெஸ்" என்றான் றொமேஷ். அலபாமாவிலிருந்து பாரிசின் லாச்சப்பலுக்கு வந்து சேர்ந்த மனுசியை ஒரு கதிரைக்காகவா அழவைப்பது?

மற்றபடி இடம் சரிதான். எமிலி அம்மா கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய கறுப்புவெள்ளைப் படத்தில் இதே நீளக் கடை, இதே வளைந்த ஜன்னல். அமெரிக்கப் பட்டாளச் சட்டையோடு ஒரு கறுப்பு இளைஞர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். பக்கத்தில் மீசை வைத்த ஒரு பிரெஞ்சுக்காரர், கையில் கத்தரிக்கோல். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருடம்.

எமிலி அம்மா ஆங்கிலத்தை இவனுக்காக மெல்ல மெல்லப் பேசினார்.

அப்பாவின் ஊரில் ஒரேயொரு சலூன். அதில் முடி வெட்டியவரும் கறுப்பர்தான். ஆனால் கறுப்புத் தலையில் பட்ட கத்தரிக்கோல் தங்கள் தலையில் படக்கூடாது என்று வெள்ளைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவருக்கும் வயிறு இருந்தது. அதனால் அப்பாவுக்குத் தலைமயிர் வெட்டுவது எப்போதும் யாராவது ஒருவருடைய குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில்.

பாரிசில் இந்தக் கடைக்கு முன்னால் அப்பா போவதும் வருவதுமாக நின்றாராம். மீசைக்காரர் வெளியே வந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினாராம்.

"எங்கள் வீட்டுச் சுவரில் எல்லாருடைய கலியாணப் படமும் இந்தப் படத்துக்குக் கீழேதான்" என்றார் எமிலி அம்மா. "இப்போது அதே மாதிரி ஒன்று எடுக்கவேண்டும். நான் கதிரையில், நீ பக்கத்தில். எங்கள் குடும்பத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவேன். உலகமே பார்க்கலாம்."

றொமேஷின் கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

ஏனென்றால் ஊரைப் பொறுத்தவரை றொமேஷுக்குக் கொம்பியூட்டர் வேலை.

அம்மா வீடியோவில் கூப்பிட்டால், ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டுப் பக்கத்து ரிவி திருத்தும் கடைக்கு ஓடுவான். அங்கே அடுக்கியிருக்கும் திரைகளுக்கு முன்னால் நின்று, வேலை கொஞ்சம் கூட என்று சலித்துக்கொள்வான். கடைக்காரர் பெரிய ரிவி ஒன்றை வாங்கி மாட்டியபோது, மகனுக்குப் பதவி உயர்வு என்று அம்மா கோயிலில் பொங்கிப் படைத்தார்.

இந்த உத்தியோகத்தை நம்பித்தான் ரொறொன்ரோவில் ஒரு பெண் பேசி முற்றாகியிருக்கிறது. பெண்ணின் தமையன் ஃபேஸ்புக்கில் ஒரு படத்தையும் விடாமல் பெருப்பித்துப் பார்க்கிற ஆள்.

பக்கத்துக் கதிரையில் ஒரு தலையோடு மினக்கெட்டுக்கொண்டிருந்த றொனால்டுக்கு இது எல்லாம் தெரியும்.

"சிரியுங்கோ அண்ணை. ரொறொன்ரோவிலை மச்சான் பாத்துக்கொண்டிருக்கிறார்."

"டேய், உன்ரை கதிரையிலை இருக்கிற தலையைப் பார்."

ஆனாலும் படம் எடுக்க ஃபோனை வாங்கியது றொனால்டுதான். றொமேஷ் முகத்துக்கு நேரே தலைமயிர் உலர்த்தும் மெஷினைத் தூக்கிப் பிடித்தான். பிறகு ஏதோ விழுந்ததுபோல் குனிந்தான். பிறகு இருமினான். மூன்று படத்திலும் எமிலி அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை ஏப்ரன் மட்டும் நின்றது.

எமிலி அம்மா பொறுமையாகப் பார்த்துவிட்டு, "உன் பெயரைச் சொல்லு, படத்துக்குக் கீழே எழுதவேண்டும்" என்றார்.

"பெயர் எதற்கு?"

"அப்பா தொண்ணூறு வயது வரை இருந்தார். அவருக்கு ஒரேயொரு மனக்குறைதான். கையைப் பிடித்துக் கூட்டிப்போன மனிதரிடம் பெயர் கேட்காமல் வந்துவிட்டேன் என்பார். எங்கள் சுவரில் இருக்கிற படத்துக்குக் கீழே அப்பாவின் முழுப்பெயர் இருக்கிறது. பக்கத்தில் 'பாரிஸ் பார்பர்' என்று மட்டும்தான்."

றொனால்ட் என்று சொல்லிவிட வாயைத் திறந்தான் றொமேஷ். சொன்னால் முடிந்தது. றொனால்ட் கோபிக்கவும் மாட்டான்.

கதிரைக்கு லேசாக வந்த பொய், இதற்கு வரவில்லை.

அவன் படத்தில் இருந்த மீசைக்காரரைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு தன் பெயரையும், தகப்பன் பெயரையும், கேட்காமலே ஊர்ப் பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொன்னான். கத்தரிக்கோலை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

றொனால்ட் பகிடி ஒன்றும் சொல்லாமல் படம் எடுத்தான்.

எமிலி அம்மா அவன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனதும், றொமேஷ் ஏப்ரனைக் கழற்றாமல், பக்கத்துக் கடைக்கு ஓடாமல், கண்ணாடிக்கு முன்னால் நின்றபடியே அம்மாவை வீடியோவில் கூப்பிட்டான்.

"என்ன தம்பி, இண்டைக்குப் பின்னாலை ரிவி ஒண்டையும் காணேல்லை?"

"அம்மா, நான் சின்னனாய் இருக்கேக்கை எங்கடை வீட்டுக்குத் தலைமயிர் வெட்ட ஒரு வயசாளி வாறவரெல்லோ. முன்வாசலாலை விடமாட்டம். பின்னுக்குக் கிணத்தடியிலை வைச்சு அப்பாவுக்கும் எனக்கும் வெட்டிப்போட்டுப் போறவர். நான்கூட அவரை வாடா போடா எண்டுதான்..."

"ஓம், அதுக்கு?"

"அவற்றை பேர் என்ன?"

அம்மாவின் கண் திரையில் ஒவ்வொன்றாகப் போனது. கண்ணாடி. கதிரைகள். தரையில் மயிர். மகனின் ஏப்ரன் பைக்குள் சீப்பு. எதைப் பற்றியும் கேட்டிருக்கலாம்.

"பேரோ? அவற்றை பேரை ஆர் கேட்டது?" என்றார் அம்மா.

பக்கத்தில் றொனால்ட் மெஷினை நிறுத்தினான்.