மடு மண் தெளிச்ச கொம்பியூட்டர்

முந்நூறு மெகாஹேட்ஸ் வேகத்திலை ஓடவேண்டிய கொம்பியூட்டரை நானூற்றைம்பதிலை ஓட்டினால் என்ன நடக்குமெண்டு அனிஸ்ரனுக்கு முதலிலை மூக்காலைதான் தெரிஞ்சது.

ஒரு மணம் எழும்பிச்சுது. அடுத்த செக்கன் திரை கறுத்துப்போச்சு.

குசினியிலையிருந்து தாய் மதலேனா குரல் குடுத்தா. "மோனை, அங்கை என்ன கருகுது?"

"ஒண்டுமில்லையம்மா!"

பக்கத்திலை நிண்ட கூட்டாளி துசியந்தன், ரகசியம் எண்டு நினைச்சு றோட்டுக்கே கேக்கிறமாதிரிச் சொன்னான். "புறொசெசர் செத்துப்போச்சடா! வேகத்தை ஏத்தாதை ஏத்தாதை எண்டு எத்தினைதரம் சொன்னனான்?"

"நீதானேடா புத்தகம் கொண்டுவந்து எப்பிடி ஏத்திறதெண்டு காட்டினனீ!"

"காட்டினனான். ஏத்தச் சொன்னனானே? சரி விடு, வொறன்ரி இருக்குத்தானே, காசில்லாமல் மாத்தித் தருவினம். நான் ஒண்டும் செய்யேல்லை, தானாய்ச் செத்துப்போச்செண்டு கடையிலை சொல்லு."

விளையாட்டில்லை இது. முல்லைத்தீவிலை வள்ளத்தையும் வலையையும் விட்டிட்டு வவுனியாவுக்கு வந்த குடும்பம். அனிஸ்ரன் ரியூசன் கொட்டில்களுக்குக் கேள்வித்தாள் அடிச்சுக் குடுத்துத்தான் வீட்டிலை உலை கொதிக்குது. திங்கட்கிழமை கணக்குச் சோதினை. தாள் அரைவாசியும் அடிச்சு முடியேல்லை. நேரத்துக்குக் குடுக்காட்டி அந்த வேலை வேறை ஆளுக்குப் போயிடும்.

பெட்டியைத் தூக்கிச் சைக்கிள் கரியரிலை கட்டினான். மதலேனாவும் குடையோடை வெளிக்கிட்டா.

"நீங்கள் ஏனம்மா?"

"சந்தைக்கும் போகவேணும்."

கொம்பியூட்டர் வித்த குகதாசன்ரை கடையிலை வொறன்ரி கேக்கிறது லேசுப்பட்ட வேலையில்லை. ஊர்ப் பெடியள் எல்லாம் வேகத்தை ஏத்தி எரிச்சுப்போட்டு, பால்குடிப் பிள்ளையள் மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு வந்து நிண்டு நிண்டு மனிசன் களைச்சுப்போனான். கடைசியிலை மேசைக்குப் பின்னாலை ரெண்டு படம் மாட்டினான். ஒண்டு பிள்ளையார், மற்றது மடு மாதா. வேகம் ஏத்தேல்லை எண்டு படத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணினால்தான் பெட்டியைத் திறப்பான்.

அனிஸ்ரன் வழியெல்லாம் அதை யோசிச்சு வைச்சிருந்தான். போன கையோடை எட்டிப் பிள்ளையாரைத் தொட்டான்.

"அண்ணை, சத்தியமாய் நான் வேகம்..."

"டேய் டேய், கையை எடு! நீ வேதக்காரப் பெடியனெல்லே? உனக்கு இஞ்சாலை, மாதா."

"எந்தச் சாமியெண்டாலும் சாமிதானே அண்ணை?"

"அப்ப மாதாவைத் தொடுறதிலை என்ன கரைச்சல்?"

அனிஸ்ரன் படத்தை நிமிர்ந்து பாத்தான். மாதா நேரை பாக்கிறா. திங்கட்கிழமைச் சோதினையும் பாக்குது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை நீட்டினான்.

"தம்பி, அவனை விடுங்கோ! பிழை என்னிலை."

மதலேனாதான்.

"நீங்கள் என்னம்மா செய்தனீங்கள்?"

"பெட்டி நெருப்பாய்ச் சுட்டுது தம்பி. பாம்பு விசத்துக்கே கேக்கிற மடுக்கோயில் மண், உந்தச் சூட்டுக்குக் கேக்காதோ எண்டு தண்ணியிலை கரைச்சு உள்ளுக்குத் தெளிச்சுப்போட்டன்."

குகதாசன் திறந்த வாயை மூடேல்லை.

அனிஸ்ரனுக்கெண்டால் நெஞ்சிலை கிடந்த பாறாங்கல்லு இறங்கினமாதிரி. அட, எரிச்சது நானில்லை! அந்தச் சந்தோசம் அப்பிடியே கோவமாய் வெளியிலை வந்துது.

"அம்மா! கொம்பியூட்டருக்குள்ளை ஆரும் மண் கரைச்சுத் தெளிப்பினமோ? விசரே உங்களுக்கு? இனி அதின்ரை பக்கமே வரக்கூடாது, சொல்லிப்போட்டன்!"

"சரி மோனை."

குகதாசன் பெட்டியைத் திறந்து உள்ளுக்கை ரோச் வெளிச்சம் அடிச்சான். மணந்து பாத்தான். மேசை லாச்சியைத் துழாவி வேறையொரு புறொசெசரை எடுத்துப் பூட்டினான்.

"மண் பட்டதைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பேலாது அம்மா. இது நான் பாவிச்ச ஒண்டு, சும்மா கிடந்தது. கொண்டுபோங்கோ."

"மாதா உங்களைக் கைவிடமாட்டா தம்பி" எண்டு சொல்லிப்போட்டு மதலேனா சைக்கிளடிக்குப் போனா.

அனிஸ்ரன் இன்னும் விடேல்லை. "பாத்தீங்களே அண்ணை? மண்ணாம், மண்! நான் இந்தப் பெட்டியை எவ்வளவு கவனமாய் வைச்சிருந்தனான்..."

"இஞ்சை வா. மண் எங்கை கிடக்கெண்டு காட்டு."

அனிஸ்ரன் குனிஞ்சு பாத்தான். தூசி கிடந்தது. ஒரு சிலந்தி குடியிருந்தது. மண் ஒரு பொட்டும் இல்லை. தண்ணி காஞ்ச அடையாளமும் இல்லை.

"அப்ப... அம்மா ஏன்..."

"நீ மாதாவைத் தொட்டுப் பொய் சொல்லப் போனாய். அதுக்கு முந்தி அவா ஒரு பொய்யைச் சொல்லிப்போட்டா."

அனிஸ்ரன் வெளியிலை பாத்தான். கொளுத்திற வெயிலுக்கை அம்மா குடை பிடிச்சுக்கொண்டு நிண்டா. தலைக்கு மேலை இல்லை, சைக்கிள் சீற்றுக்கு மேலை. மோன் இருக்கேக்கை சுடக்கூடாதாம்.

திரும்பிக் குகதாசனைப் பாத்தான். "எல்லாம் தெரிஞ்சும் ஏனண்ணை மாத்தித் தந்தனீங்கள்?"

குகதாசன் கடைக்கு வேறை ஆரும் வருகினமோ எண்டு எட்டிப் பாத்திட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"நான் முதன்முதல் ஒண்டை ஏத்தி எரிச்சுப்போட்டுக் கொழும்புக் கடையிலை மாத்தப் போகேக்கை, எங்கட அம்மாவும் கூட வந்தவா. அவா திருநீறு எண்டு சொன்னவா."

சிரிக்கிறியளோ? அப்ப நீங்கள் சொல்லுங்கோ, உங்கட அம்மா உள்ளுக்கு என்ன போட்டதெண்டு சொன்னவா?