ஆடாத ரிங்

மலேசியாவின் கிள்ளானில் வேட்டைச் சாமான் கடை வைத்திருக்கும் வேலாயுதத்துக்கு, தான் போலீஸில் சேராமல் போனது நாட்டுக்கே நஷ்டம் என்று ஓர் எண்ணம். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் டிவியில் துப்பறியும் தொடர்தான். கொலைகாரன் யாரென்று இரண்டாவது காட்சியிலேயே சொல்லிவிடுவார். தப்பாகச் சொன்னாலும் சத்தமாகச் சொல்வார்.

புதன்கிழமை ஷான் உள்ளே நுழைந்ததுமே அவருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

"அண்ணே, நான் கனகசபையோட மருமகன். மாமா ரைஃபிள் இங்கதானே சர்வீஸுக்குக் கிடக்கு? குறி பார்க்க இதோ, புது ஸ்கோப் வாங்கியிருக்காரு. அதை மாட்டுற ரிங்கும் மவுண்டும் என் செலவு, அறுபதாவது பிறந்தநாள் பரிசு. வெள்ளிக்கிழமை மாமாவே வந்து எடுத்துக்குவாரு. சனிக்கிழமை செம்பனைத் தோட்டத்துல பன்றி வேட்டை."

வேலாயுதம் இருப்பதிலேயே உசத்தியான எஃகு ரிங்குகளை எடுத்து வைத்தார். "இதைப் போட்டா நூறு தடவை சுட்டாலும் ஸ்கோப் அசையாது."

"அவ்வளவு ஸ்டிராங் வேணாம் அண்ணே."

"விலையைப் பார்க்கிறீங்களா?"

"விலை இல்ல. கொஞ்சம் ஆடுற மாதிரி இருந்தா நல்லது."

கடை வைத்த இருபத்திரண்டு வருஷத்தில் ஆடுகிற ரிங் கேட்டு வந்த முதல் ஆள் இவன்தான். "ரிங் ஆடினா குறி தப்பும் லா தம்பி. ரெண்டு வெடியிலயே ஒரு அடி தள்ளிப் போயிடும்."

"ரெண்டு அடி போகாதா?"

அப்போது மேஜைமேல் இருந்த ஷானின் போன் அடித்தது. திரையில் 'கார்த்திகா'. அவசரமாகத் துண்டித்தான். மறுபடியும் அடித்தது, கவிழ்த்து வைத்தான். கனகசபையின் ஒரே மகள் பெயர் ஜனகா. இவன் அவளைக் கட்டிய கல்யாணத்தில் வேலாயுதம் இரண்டு பந்தி சாப்பிட்டவர்.

ஆக, வழக்கு முடிந்தது! குறி தப்பிக் காயம்பட்ட பன்றி ஓடாது, சுட்டவன் மேலேயே பாயும். மாமனார் போனால் அவருடைய பிரிக்ஃபீல்ட்ஸ் வீடு ஜனகாவுக்கு. ஜனகாவை ஏமாற்றினால் கார்த்திகாவுக்கு. பாவி, படித்தவன் மாதிரி சட்டை வேறு போட்டிருக்கிறான்.

"மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அண்ணே. என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு."

"நான் ஏன் வாயைத் திறக்கப் போறேன்?" என்றார் வேலாயுதம். மட்டமான அலுமினிய ரிங்குகளை அவன் கண்ணெதிரிலேயே ஒப்புக்கு மாட்டினார். ஷான் விரலால் ஸ்கோப்பை ஆட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். போகும்போது அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் கை ஜில்லென்று இருந்தது.

அவன் கார் திரும்பியதும் வேலாயுதம் அலுமினியத்தைக் கழற்றி வீசினார். போலீஸுக்குச் சொன்னால் முதலில் தன் கடை லைசென்ஸைத்தான் குடைவார்கள். ஓர் உயிரைக் காப்பாற்ற ஒரு திருப்புளி போதாதா? எஃகு ரிங்கைப் பூட்டி, திருகாணிகளுக்குப் பசை தடவி, தோள் வலிக்கும் வரை இறுக்கினார். அன்று அவருக்குச் சாப்பாடுகூட ருசித்தது.

வெள்ளிக்கிழமை கனகசபை வந்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் சட்டைப் பையில் இரண்டு பேனா. ஸ்கோப்பைப் பிடித்து ஆட்டினார். அது அசையவில்லை.

"மலை மாதிரி நிக்குதே வேலு!"

"என் கையால பூட்டினது அண்ணே. குறி மயிரிழைகூடத் தப்பாது." இத்தனை பெரிய நன்மையைச் செய்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? வேலாயுதம் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, மருமகன்கிட்ட ஜாக்கிரதை. ரிங் ஆடணும்னு கேட்டாரு, நான்தான் மாத்திட்டேன். அதோட, கார்த்திகான்னு யாரோ ஒரு பொண்ணு..."

"தெரியும் லா. ஜனகா ரெண்டு மாசமா அழுதுகிட்டு இருக்கா."

கனகசபை துப்பாக்கியைத் துணியால் துடைத்துப் பெட்டியில் படுக்க வைத்தார். பிறகு வேலாயுதத்தின் தோளில் வாஞ்சையாகத் தட்டினார்.

"நல்ல காரியம் செஞ்சே வேலு. கண்ணு முன்ன மாதிரி இல்ல, குறி தப்பிடுமோன்னுதான் எனக்குக் கவலையா இருந்துச்சு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் ஒரு கணம் நின்றார்.

"நாளைக்குப் புதருக்குள்ள புகுந்து பன்றியைக் கலைச்சு விட, மாப்பிள்ளையைத்தான் எனக்கு முன்னால நடக்கச் சொல்லியிருக்கேன்."