பங்களா வேலைக்கு ஒரு ஜோடி

மந்தாரக்குப்பத்தில் செல்போன் கடைக்கு மேலே, பணக்கார வீடுகளில் வேலை செய்ய ஆட்களைப் பழக்கும் அறை. ஜன்னல் கண்ணாடியில் நிலக்கரித் தூசி படிந்து, பிற்பகல் வெளிச்சம் பழுப்பாக விழுகிறது. வெள்ளைத் துணி விரித்த மேசையில், செங்கமலம் காலையில் துடைத்து வைத்த கண்ணாடிக் கோப்பைகள். அந்தப் பக்கம் பயிற்சி தரும் விஜயகுமாரி, நேர்காணல் ஒத்திகைக்காகச் சென்னை முதலாளியம்மாவாக உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பக்கம் செங்கமலமும் அவள் கணவன் குமரவேலும் நிற்கிறார்கள். சுரங்கத்தில் அவனுடைய கான்ட்ராக்ட் வேலை போய் ஏழு மாதமாகிறது.

"கொழந்தைங்க இருக்கா?" என்று விஜயகுமாரி கேட்கிறார். "இல்லீங்க மேடம்" என்கிறான் குமரவேல். "நீங்க சொல்லுங்கம்மா." செங்கமலம் முந்தானையைத் திருகுகிறாள். "ஒரு பொண்ணுங்க. மூணாவது படிக்குது." விஜயகுமாரி பேனாவை மூடுகிறார். "கொழந்த இல்லாத ஜோடிதான் வேணும்னு சென்னை பங்களாக்காரங்க கண்டிஷனா சொல்லிட்டாங்க. பொண்ணு ஒங்க அக்கா வீட்லதானே இருக்கப் போகுது? மறுபடி சொல்லுங்க." குமரவேல் தாழ்ந்த குரலில், "சொல்லிடு. எத்தினி நாளைக்கு இப்பிடியே குந்திகினு இருக்கிறது?" என்கிறான். கீழே வடலூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. அது ஓயும்வரை மூவரும் காத்திருக்கிறார்கள்.

"இல்லீங்க" என்கிறாள் செங்கமலம்.

"தரையப் பாக்காதீங்கம்மா. என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க."

அவள் நிமிர்கிறாள். "இல்லீங்க."

"இப்ப சரியா வந்துடுச்சு" என்று விஜயகுமாரி தாளில் குறிக்கிறார். குமரவேல் மேசை விரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டே இருக்கிறான். அடுத்த கேள்விக்காக விஜயகுமாரி தாளைப் புரட்டுகிறார். யாரும் கேட்காமலேயே செங்கமலம் இன்னொரு முறை சொல்லிப் பார்க்கிறாள், "இல்லீங்க."