வென்டலின் ஓட்டு

"இன்னும் முடிவு பண்ணலையேம்மா" என்றார் வென்டல், தன் வீட்டு வாசலில் நின்று வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே.

ரோண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லை. பழைய செனட்டர் போதும் என்று ஒதுங்கிவிட, காலியான அந்த ஒற்றை சீட்டுக்காக விஸ்கான்சின் மாநிலமே இரண்டாகக் கிடந்தது. பாதிப்பேர் ஹோல்கம் பக்கம், பாதிப்பேர் பெட்ராஸ்கி பக்கம். ஊரில் யார் எந்தப் பக்கம் என்று நாய்களுக்குக்கூடத் தெரியும். தெரியாதது வென்டல் ஒருத்தர் பக்கம்தான்.

"ஹோல்கம் பால் விலையைப் பத்திப் பேசினதைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் என்ன?"

"நேத்து உன் தங்கச்சி வந்து பெட்ராஸ்கி பேசினதைச் சொன்னா. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

சொல்லி வாய் மூடவில்லை, தங்கை ட்ரூடியே வந்து நின்றாள். கையில் தட்டு நிறையப் பூசணிக்காய்ப் பலகாரம். வென்டலுக்காகச் சுட்டது.

அக்காவும் தங்கையும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஊரிலேயே ஒரே சலூன் இவர்களுடையது. ரோண்டா முடி வெட்டுவாள், ட்ரூடி சாயம் போடுவாள். கோடையில் தேர்தல் பேச்சு ஆரம்பித்ததும் பேச்சுவார்த்தை நின்றது. பிறகு நடுவில் பலகைத் தடுப்பு முளைத்தது. முடி வெட்டிக்கொண்டவர்கள் தெருவுக்குப் போய், சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்துதான் சாயம் போட்டுக்கொள்ள முடியும்.

"நிதானமா யோசிக்கலாம்னா நேரம் எங்க இருக்கு?" வென்டல் பெருமூச்சு விட்டார். "காத்துல விழுந்த இந்த ஓக் மரத்தை அறுத்து அடுக்கியாகணும். குளிர் வந்துடும். எனக்கோ முதுகு வலி."

"நான் அறுத்துத் தரேன்!" என்றாள் ரோண்டா.

"நான் அறுத்துத் தரேன்!" என்றாள் ட்ரூடி.

வென்டல் ஒரு ரம்பத்தைக் கொண்டுவந்தார். ஆள் உயரம். இரண்டு பக்கமும் கைப்பிடி.

அன்றிலிருந்து தினமும் கடை மூடியதும் இதே வேலை.

"வென்டல், அவளை இழுக்கச் சொல்லுங்க!"

"வென்டல், அவங்களைத் தள்ளாம இருக்கச் சொல்லுங்க!"

வென்டல் மரத்துண்டின் மேல் உட்கார்ந்து பலகாரத்தைச் சாப்பிட்டபடி இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே சேதி சொன்னார். ரம்பமோ அரை அங்குலம்கூட இறங்கவில்லை.

நாலாவது நாள் ரோண்டாவால் பொறுக்க முடியவில்லை. "இழுடி எருமை!" என்று நேரடியாகவே கத்திவிட்டாள்.

"நீ தள்ளாம இருந்தா நான் இழுக்க மாட்டேனா?" என்றாள் ட்ரூடி.

மூன்று மாதத்தில் அதுதான் முதல் பேச்சு. ரம்பம் சரசரவென்று இறங்கியது. கட்டை பட்டென்று முறிய, ட்ரூடி சருகுக் குவியலில் மல்லாந்து விழுந்தாள். ரோண்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பெட்ராஸ்கி ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள்.

"இப்பவாவது முடிவு பண்ணிட்டீங்களா?" என்று இருவரும் கேட்டார்கள்.

"கொஞ்சம் தெளிவாகற மாதிரி இருக்கு. இன்னும் அந்தப் பெரிய கிளை மட்டும் இருக்கு பாருங்க."

தேர்தல் நாள் வந்தது. வென்டலைத் தனியாக அடுத்தவள் கையில் விட இருவருக்குமே மனமில்லை. ரோண்டாவின் வண்டியில் அவரை நடுவில் நெருக்கி உட்காரவைத்து, தீயணைப்பு நிலையத்தில் இருந்த வாக்குச்சாவடிக்குக் கூட்டிப்போனார்கள். வழியெல்லாம் ஒரு காதில் ஹோல்கம், மறு காதில் பெட்ராஸ்கி.

வாக்காளர் பட்டியலோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த டோரிஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன வென்டல், இங்க என்ன பண்றே? நீதான் தபால்லயே ஓட்டுப் போட்டுட்டியே! ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே!"

வென்டல் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு நைசாக நழுவினார்.

ரோண்டா ஓட்டுப் போட்டாள். ட்ரூடி அதைச் சரிக்கட்ட எதிர் ஓட்டுப் போட்டாள். இரண்டு பேரும் அடிக்காத குறையாக வென்டலைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தார்கள்.

மறுநாள் காலையிலும் திட்டு ஓயவில்லை. சலூன் டிவியில் இன்னும் ஓட்டு எண்ணிக்கொண்டே இருந்தார்கள். ஹோல்கம் முன்னே, பெட்ராஸ்கி முன்னே என்று மாறி மாறி வந்தது. யாரும் பார்க்கவில்லை. ஒருத்தி குரல் மற்றவளுக்குக் கேட்கவில்லை என்பதால் பலகைத் தடுப்பைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டார்கள்.

நாற்காலியில் டோரிஸ். ரோண்டா வெட்ட வெட்ட, ட்ரூடி பின்னாலேயே சாயம் பூசினாள்.

"என்ன ஒரு கள்ளப் பய!" என்றாள் ரோண்டா.

"ஓட்டையும் போட்டுட்டு, நம்மளை மாடு மாதிரி வேலை வாங்கி..." என்றாள் ட்ரூடி.

"குளிர்காலம் முழுக்க எரிக்க..."

"ஓசில விறகு!"

கண்ணாடிக்குள் டோரிஸின் புருவம் உயர்ந்தது.

"விறகா? வென்டலுக்கு எதுக்கு விறகு? அவன் வீட்டுல அடுப்பு, ஹீட்டர் எல்லாமே கேஸ்தானே! மரம் வெட்ட மெஷின் ரம்பம்கூட புதுசா வெச்சிருக்கான். அதை விட்டுட்டு போன மாசம் என் புருஷன்கிட்ட வந்து, 'ரெண்டு பேர் சேர்ந்து இழுத்தாத்தான் அறுக்கும்ங்கற மாதிரி ஒரு ரம்பம் இருந்தாக் குடு'ன்னு அடம்பிடிச்சு இரவல் வாங்கிட்டுப் போனான்."