டுரியான் விழும்வரை

விடிவதற்குச் சற்றுமுன் டுரியான் மரத்தடியில் சாக்கும் கையுமாக உட்கார்ந்திருந்த டோலாவை, மரத்துக்குச் சொந்தக்காரரான பாக் லாசிம் போலீஸ்காரர் ரம்லியிடம் காட்டினார்.

“திருட வந்தவன், துவான்! பிடிங்க.”

“டுரியானை யாரும் பறிக்கறதில்ல, தானா விழணும். அதுவரைக்கும் இது வெறும் தயாரிப்புதான், பாக். பழம் விழுந்து, கை நீண்டாத்தான் திருட்டு முயற்சி. அப்பதான் கேசு” என்றார் ரம்லி.

“விழட்டும்! அந்த வாசனைக்கு எவன் கை சும்மா இருக்கும்?”

மூவரும் மரத்தைச் சுற்றி இருட்டில் காத்திருந்தார்கள். பொத்தென்று விழுந்தது பழம். வாசனை ஆளைத் தூக்கியது. பழத்தை நோக்கி நீண்ட கையைப் பாய்ந்து பிடித்தார் லாசிம்.

“இப்ப இது முயற்சிதானே, துவான்?”

எதிர்ப்பக்கமிருந்து டோலாவின் குரல்தான் வந்தது.

“நான் இன்னும் தயாரிப்புலதான் இருக்கேன், பாக். மொதல்ல போலீஸ் துவானோட கையை விடுங்க.”