ஈரப் பாட்டு

பல்செட் செய்பவருக்கு ஊர் கேட்கிற பாட்டு ஆகாது. யாரும் சீண்டாத இசையைத் தேடிப்பிடித்து, அகப்பட்டவர் காதிலெல்லாம் ஊற்றுவார். இந்த முறை பழைய சாமான் கடையில் பேரில்லாத ஒரு கேசட் கிடைத்தது. அதில் யாரோ வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சளக் சளக்கென்று மென்றார்கள். நடுநடுவே எச்சிலை உறிஞ்சினார்கள். அடியில் ஒரு வயலின் முனகியது.

சாப்பாட்டு நேரத்தில் அதைப் போட்டதும், தட்டில் கை வைத்த மனைவிக்குக் குமட்டியது.

"சீ, கருமம்! சாப்பிடுற நேரத்துல என்ன அசிங்கம் இது?"

அவர் நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சகலையைப் போனில் பிடித்து, அதையே முழுசாகப் போட்டுக் காட்டினார். மனைவி சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மெல்லும் சத்தம் ஓய்ந்தது. பாட்டுக்குள் ஒரு பெண், "சீ, கருமம்!" என்றாள். இவள் குரலேதான்.

"என் குரலையா பதிவு பண்ணீங்க?"

"இந்தப் பெட்டி பாட மட்டும்தான் செய்யும். கடையில கேட்டப்பவே இது இருந்துச்சு. உன் குரல் மாதிரியே இருக்கேன்னுதான் வாங்கினேன்."

பாட்டில் அந்தப் பெண் ஓங்கரித்தாள். இவளும் தொட்டியில் குனிந்து கக்கினாள். புளித்த நெடி மூக்கில் ஏறியது. கழுவிவிடக் குழாயைப் பிடித்தாள்.

"சகலை, பேசாம கேளுங்க," என்றார் அவர் கூடத்தில். "இப்போ குழாய் திறக்கிற சத்தம் வரும். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு வரமாட்டா. மறுபடியும் மெல்லுற சத்தம் ஆரம்பிச்சிடும்."

அவள் கை குழாய்மேலேயே நின்றது. கக்கியதைத் தொட்டியின் ஓட்டை கேசட்டில் கேட்ட அதே சளக் சளக்கோடு கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டிருந்தது.